கடவுச்சொல்லைப் பார்க்காமலே அதைச் சோதிப்பது எப்படி: சின்ன ஸ்கிரிப்ட்களுக்கு ஓர் அறிமுகம்

ஒரு சர்வரில் இருநூறு பேருக்குக் கணக்கு இருக்கிறது. அவர்களில் எத்தனை பேருடைய கடவுச்சொல் எளிதில் ஊகிக்கக்கூடியது? இதற்கு விடை தேடுவதுதான் கடவுச்சொல் தணிக்கை. பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பைத்தானில் முப்பது நாற்பது வரி எழுதத் தெரிந்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஸ்கிரிப்ட் விடையைத் தர வேண்டும், ஆனால் கடவுச்சொல்லை எங்கும் விட்டுவைக்கக் கூடாது. திரையில், லாக் எனும் நிகழ்வுப் பதிவில், தற்காலிகக் கோப்பில், கட்டளைகளைத் தட்டும் ஷெல்லின் வரலாற்றில் என்று அது ஒட்டிக்கொள்ளும் இடங்கள் ஏராளம். தணிக்கைக்கென்று எழுதிய நிரலே கசிவுக்கு வாசல் திறந்துவிட்டால், தணிக்கை செய்யாமலே இருந்திருக்கலாம்.

அதற்கும் முன்னால் அனுமதி. உங்களுடைய கணினி, உங்களுடைய கணக்கு என்றால் சிக்கல் இல்லை. நிறுவனத்தின் சர்வர் என்றால், நிர்வாகியாக உங்களுக்கு ரூட் எனும் முழு உரிமை இருந்தாலும் எழுத்துவழி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தெந்த சர்வர்கள், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, முடிவை யார் பார்ப்பார்கள், வேலை முடிந்ததும் தரவு எப்படி அழிக்கப்படும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். அடுத்தவர் சர்வரில் அனுமதியின்றி இதைச் செய்வது பெரும்பாலான நாடுகளில் குற்றம். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது அங்கே செல்லாது.

ஹாஷ், சால்ட், வேகம்

ஒழுங்காக எழுதப்பட்ட அமைப்பு கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காது. அதை ஒரு ஹாஷ் சார்பில் போட்டு, வெளிவரும் எழுத்துக்கோவையை மட்டும் வைத்துக்கொள்ளும். ஹாஷிலிருந்து கடவுச்சொல்லுக்குத் திரும்பிப் போக வழியில்லை. தாக்குபவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒரு சொல்லை ஊகித்து, அதையும் ஹாஷ் செய்து, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது. ஆகவே ஒரு கடவுச்சொல்லின் வலிமை இரண்டு எண்களில் அடங்குகிறது. அது எத்தனையாவது ஊகத்தில் வரும் என்பது ஒன்று. ஒரு நொடிக்கு எத்தனை ஊகம் போட முடியும் என்பது மற்றொன்று.

இரண்டாவது எண் சேமித்த முறையைப் பொறுத்து மலைக்கும் மடுவுக்குமாக மாறும். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, விண்டோஸ் டொமைன்களில் இன்றும் புழங்கும் என்டி ஹாஷை நொடிக்கு ஏறத்தாழ 28,800 கோடி முறை கணக்கிடும். எட்டு சிற்றெழுத்துகளால் ஆன எல்லா ஆங்கிலச் சேர்க்கைகளும் சேர்ந்து 20,882 கோடிதான்; ஒரு நொடிக்குள் தீர்ந்துவிடும். பேரெழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்த எட்டு எழுத்து என்றாலும் சுமார் 66 கோடி கோடி. ஆறரை மணி நேரம் போதும். அதே கார்டில் பிகிரிப்ட் என்ற முறையை, காஸ்ட் அளவு 12இல் வைத்தால், நொடிக்கு 1,400 ஊகத்தை ஒட்டித்தான் போட முடியும். பிகிரிப்டை நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மசியேரும் 1999இல் வெளியிட்டார்கள். வேண்டுமென்றே மெதுவாக இயங்கும்படி வடிவமைத்தது அது. காஸ்ட் எண்ணை ஒன்று கூட்டினால் நேரம் இரட்டிக்கும்.

சால்ட் என்பது ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாகச் சேர்க்கப்படும் சீரற்ற எழுத்துக்கோவை. இரண்டு பேர் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தாலும் ஹாஷ் வேறாகிவிடும். ஒரு முறை கணக்கிட்டு எல்லோர் மேலும் பொருத்திப் பார்க்கிற குறுக்குவழி அடைபடும். 2012இல் லிங்க்ட்இனிலிருந்து வெளியான சுமார் 65 லட்சம் ஹாஷ்கள், ஷா-1 என்ற பழைய முறையில் சால்ட் இல்லாமல் எடுத்தவை. அவற்றில் பெரும்பகுதி விரைவிலேயே உடைந்ததற்கு அதுவே காரணம்.

மெதுவான ஹாஷ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து மூன்று கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் ஹாஷே இல்லாமல் வெளியாயின. திரும்ப வருபவற்றை நீக்கினால் 1.43 கோடி மிஞ்சும். இன்றும் பல தாக்குதல்கள் தொடங்கும் பட்டியல் அதுதான். நொடிக்கு 1,400 என்ற ஆமை வேகத்தில் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் ஒரு கணக்கின் மேல் அந்தப் பட்டியல் முழுவதையும் சோதித்துவிடலாம். கடவுச்சொல் பட்டியலில் இருந்தால் பிகிரிப்ட் தாமதப்படுத்தும், காப்பாற்றாது.

மதிப்பெண் போடும் சூத்திரத்தை நம்பாதீர்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் எழுதுவது பெரும்பாலும் ஒரு வலிமை அளவி. எழுத்துகளின் எண்ணிக்கையை எடுத்து, எழுத்துக்கூட்டத்தின் அளவின் மடக்கையால் பெருக்கி, இத்தனை பிட் என்று காட்டும். கணக்கு சரிதான், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் சீரற்று தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் மட்டும். பாஸ்வேர்ட் என்ற ஆங்கிலச் சொல்லை முதலெழுத்து பெரிதாக எழுதி, பின்னால் @123 சேர்த்தால் பன்னிரண்டு எழுத்து. சூத்திரம் அதற்கு 78 பிட்டுக்கு மேல் தரும். உண்மையில் அது எந்த ஊகப் பட்டியலிலும் முன்வரிசையில் நிற்கிற சொல். பேரெழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று கட்டாயம் என்ற விதிதான் மனிதர்களை இந்த வடிவத்துக்குத் தள்ளுகிறது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே அந்த விதியையும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் வழக்கத்தையும் கைவிடச் சொல்லிவிட்டது. அவற்றுக்குப் பதிலாக அது கேட்பவை நீளமும், கசிந்த பட்டியலோடு ஒப்பீடும். 2025இல் வந்த திருத்தத்தில், கடவுச்சொல் மட்டுமே காவல் என்றால் குறைந்தது 15 எழுத்து என்று உயர்த்தியிருக்கிறார்கள்.

அளவி வேண்டும் என்றால் ஊகிப்பவரின் வரிசையைப் பின்பற்றுகிற ஒன்றைப் பயன்படுத்துங்கள். டிராப்பாக்ஸ் 2012இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஸெட்-எக்ஸ்-சி-வி-பி-என் அப்படிப்பட்டது: அகராதிச் சொல், தேதி, விசைப்பலகை வரிசை, எழுத்துக்குப் பதில் எண் போடும் வழக்கம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஊக எண்ணிக்கையைக் கணிக்கும். பைத்தானிலும் அதன் வடிவம் கிடைக்கிறது.

முதல் ஸ்கிரிப்ட்: இது ஏற்கெனவே கசிந்ததா?

தொடங்குவதற்கு மிகவும் பொருத்தமானது இது. ட்ராய் ஹன்ட் நடத்தும் ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளம், கசிந்த கடவுச்சொற்களின் ஹாஷ்களைத் திரட்டி வைத்திருக்கிறது. 2018 பிப்ரவரியிலிருந்து ஒரு கடவுச்சொல் அதில் உண்டா என்பதை, கடவுச்சொல்லையோ முழு ஹாஷையோ அனுப்பாமலே கேட்கலாம். அந்த வழியை வகுத்தவர் அப்போது கிளவுட்ஃபிளேரில் இருந்த ஜுனாட் அலி.

செய்முறை இப்படி. கெட்பாஸ் என்ற தொகுப்பின் வழியாகக் கடவுச்சொல்லை வாங்குங்கள். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது. அதை யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் பைட்டுகளாக மாற்றி, பைத்தானின் ஹாஷ்லிப் தொகுப்பில் உள்ள ஷா-1 சார்பில் போட்டு, பதினாறடிமான எழுத்தில் எடுங்கள். 40 எழுத்து வரும். எல்லாவற்றையும் பேரெழுத்தாக்கி முதல் 5, மீதி 35 என்று பிரியுங்கள். முதல் ஐந்தை மட்டும் தளத்தின் ரேஞ்ச் முகவரிக்கு அனுப்பினால், அந்த ஐந்தில் தொடங்கும் எல்லா ஹாஷ்களின் மீதி 35 எழுத்தும், முக்காற்புள்ளிக்குப் பின் எத்தனை முறை கசிந்தது என்ற எண்ணும் வரிவரியாக வரும். உங்கள் 35 எழுத்து அந்த வரிகளில் இருக்கிறதா என்பதை உங்கள் கணினியிலேயே பாருங்கள். ஐந்து எழுத்தில் 10,48,576 சேர்க்கைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பல நூறு வரிகளுக்குக் குறையாமல் பதில் வரும் என்பதால், நீங்கள் கேட்டது எதைப் பற்றி என்பது தளத்துக்குத் தெரியாது. இதற்குக் கணக்கோ சாவியோ தேவையில்லை.

ஷா-1 பழையது, பலவீனமானது என்கிறார்களே என்று தோன்றலாம். இங்கே அது சேமிப்பதற்காக அல்ல, பொதுப் பட்டியலில் தேடும் குறியாக மட்டும் பயன்படுகிறது. ஆகவே பாதகமில்லை.

தவறுவது எங்கே என்று பார்ப்போம். ஷெல்லில் எக்கோ கட்டளையால் சொல்லை அனுப்பி ஹாஷ் எடுத்தால், வரி முடிவுக் குறியும் சேர்ந்து ஹாஷாகும். விடை முற்றிலும் வேறாகிவிடும். ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் காட்டாது. கசியவில்லை என்று நல்ல சேதியே சொல்லும். அதனால் முதலில் பாஸ்வேர்ட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சிற்றெழுத்தில் தட்டிப் பாருங்கள். ஷா-1இன் முதல் ஐந்து 5, பி, ஏ, ஏ, 6 என்று வர வேண்டும்; எண்ணிக்கையும் மிகப் பெரிதாக வர வேண்டும். எது தட்டினாலும் டி, ஏ, 3, 9, ஏ என்று தொடங்கினால் நீங்கள் ஹாஷ் செய்துகொண்டிருப்பது வெற்றுச் சரத்தை. பதிலின் வரி முடிவில் கூடுதலாக ஒரு குறி ஒட்டியிருக்கும். கையால் வெட்டாமல் ஸ்ப்ளிட்லைன்ஸ் கொண்டு பிரிப்பது நல்லது. பதிலின் அளவை மறைக்கப் போலி வரிகள் சேர்க்கும்படி தளத்தைக் கேட்டிருந்தால், அவை எண்ணிக்கை 0 என்று வரும். அவற்றைக் கசிவாக எண்ணிவிடாதீர்கள்.

எல்லாவற்றிலும் மோசமான பிழை ஒன்று இருக்கிறது. இணையம் துண்டிக்கப்பட்டபோதும் ஸ்கிரிப்ட் கசியவில்லை என்று சொல்வது. ட்ரை-எக்செப்ட் போட்டு எல்லாப் பிழையையும் விழுங்கினால் இதுதான் நடக்கும். விடை மூன்று வகையாக இருக்க வேண்டும்: இருக்கிறது, இல்லை, தெரியவில்லை. மூன்றாவதை இரண்டாவதாக மாற்றாதீர்கள்.

கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் கொடுக்கும்படி எழுதவே எழுதாதீர்கள். அது ஷெல் வரலாற்றில் தங்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலில் அதே கணினியின் மற்றப் பயனர்கள் கண்ணிலும் படக்கூடும். பிழைகளைத் திரட்டும் சேவை ஏதாவது இணைத்திருந்தால் அதையும் கவனியுங்கள். அவற்றில் சில, பிழை நடந்த நொடியில் மாறிகளில் இருந்த மதிப்பையும் சேர்த்தே அனுப்பிவிடும்.

இரண்டாவது: எந்த ஹாஷ் எந்தக் கணக்கில்?

ஊகிக்கவே தொடங்காமல், சேமித்திருக்கும் விதத்தை மட்டும் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். லினக்ஸில் ஹாஷ்களைச் சேமிக்கும் ஷேடோ கோப்பில் ஒரு கணக்குக்கு ஒரு வரி. முக்காற்புள்ளியால் பிரிந்த ஒன்பது புலங்கள். இரண்டாவது புலம் ஹாஷ். அதன் தொடக்கமே முறையைச் சொல்லிவிடும். $1$ என்றால் எம்டி5. உடனே மாற்ற வேண்டியது. $5$ ஷா-256, $6$ ஷா-512. எண் எதுவும் குறிக்காவிட்டால் இரண்டுக்கும் 5,000 சுற்று, அதாவது கணக்கு அத்தனை முறை திரும்பத் திரும்ப நடக்கும். $2பி$ பிகிரிப்ட். $ஒய்$ என்றால் யெஸ்கிரிப்ட். டெபியன் 11லிருந்து இதுவே இயல்பு. டாலர் குறியே இல்லாமல் 13 எழுத்து மட்டும் இருந்தால் அது பழைய டிஇஎஸ் முறை. அதில் கடவுச்சொல்லின் முதல் எட்டு எழுத்துக்கு மேல் எதுவும் கணக்கில் வராது. அப்படி ஒரு வரி தென்பட்டால் வேறு வேலையை நிறுத்திவிட்டு அந்தக் கணக்கைக் கவனியுங்கள்.

புலம் காலியாக இருந்தால் அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல்லே கிடையாது. நட்சத்திரமோ ஆச்சரியக்குறியோ இருந்தால் கடவுச்சொல்லால் நுழைய முடியாது. ஆனால் ஹாஷுக்கு முன் ஆச்சரியக்குறி போட்டுப் பூட்டிய கணக்கில், கடவுச்சொல் இல்லாமல் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி இருந்தால் உள்ளே வர வழி இருக்கலாம். பூட்டியாயிற்று என்று விட்டுவிட முடியாது. மூன்றாவது புலம், கடவுச்சொல் கடைசியாக மாறிய நாள். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நாள்களின் எண்ணிக்கை.

ஸ்கிரிப்டின் வேலை, வரியை முக்காற்புள்ளியில் பிரித்து, தொடக்கக் குறியை, எந்தக் குறி எந்த முறை என்று நீங்கள் எழுதி வைத்த பைத்தான் அகராதியில் (டிக்ட்) தேடி, கணக்கின் பெயர், முறை, மாற்றிய ஆண்டு மூன்றை மட்டும் அச்சிடுவது. ஹாஷை அச்சிடாதீர்கள். டெர்மினலில் வந்த எதுவும் பின்னால் ஸ்கிரீன்ஷாட்டாகவோ ஒட்டிய உரையாகவோ எங்காவது போய்ச் சேரும். ஷேடோவை ரூட்தான் படிக்க முடியும். நகல் எடுத்து வேறிடத்தில் வைத்துப் படிக்காமல், அங்கேயே ஓட்டி முடித்துவிடுங்கள். இணையத்தில் பழைய எடுத்துக்காட்டுகளைப் பார்த்து எழுதுபவர்களுக்கு ஒரு தகவல்: பைத்தானின் கிரிப்ட் தொகுப்பு 3.13 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. இந்தக் கணக்கெடுப்புக்கு அது தேவையுமில்லை.

இந்தக் கணக்கெடுப்பு ஏன் அவசியம்? கணினியைப் புதிய பதிப்புக்கு ஏற்றினாலும் பழைய ஹாஷ் தானாக மாறாது. கடவுச்சொல் எவருக்கும் தெரியாதபோது புதிய ஹாஷ் எப்படிக் கணக்கிடுவது? பயனர் அடுத்த முறை மாற்றும்போதுதான் புதிய முறைக்கு வரும். எப்போதோ உருவாக்கி எவரும் தொடாத சேவைக் கணக்குகள் ஆண்டுக்கணக்கில் $1$ஆகவே கிடக்கும். நீங்களே எழுதிய வலைச் செயலியில் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு: பயனர் உள்நுழையும் அந்தக் கணத்தில் கடவுச்சொல் கையில் இருக்கிறது. சரியென்று உறுதியானதும் புதிய முறையில் ஹாஷ் செய்து பழையதன் இடத்தில் வைத்துவிடலாம். இப்போது புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வலைச் செயலிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு பரிந்துரைப்பது ஆர்கான்2ஐடி என்ற ஹாஷ் முறை. 19 எம்ஐபி நினைவகம், 2 சுற்று, 1 இணைத்திறன் என்பது அது சொல்லும் குறைந்தபட்ச அமைப்புகளில் ஒன்று. பிபிகேடிஎஃப்2 என்ற பழைய முறைதான் கிடைக்கிறது என்றால், ஷா-256ஓடு 6,00,000 சுற்று.

ஒரே ஹாஷ் இரண்டு முறை வந்தால்

இது பத்தே வரி. ஹாஷ் புலத்தை மட்டும் எடுத்து, பைத்தானின் கவுன்டரில் போட்டு, ஒன்றுக்கு மேல் வருபவற்றைப் பாருங்கள். சால்ட் ஒழுங்காக இருந்தால் எதுவும் இரண்டு முறை வராது. வந்தால், சால்ட் இல்லை அல்லது எல்லோருக்கும் ஒரே சால்ட். ஒரு சொல்லைக்கூட ஊகிக்காமல் இது தெரிந்துவிடுகிறது.

என்டி ஹாஷில் சால்ட் அறவே கிடையாது. கடவுச்சொல்லை யுடிஎஃப்-16ஆக மாற்றி எம்டி4 எடுத்தது, அவ்வளவுதான். அங்கே இந்தச் சோதனை வேறு விதத்தில் பயன்படும். ஒரே ஹாஷ் நாற்பது கணக்கில் இருந்தால், யாரோ புதிய ஊழியர்களுக்கெல்லாம் ஒரே தொடக்கக் கடவுச்சொல் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் மாற்றவில்லை என்று பொருள். ஒரு நிர்வாகியின் முழு உரிமைக் கணக்கும் அவருடைய அன்றாடக் கணக்கும் ஒரே ஹாஷில் இருந்தால் அது இன்னும் மோசம். அன்றாடக் கணக்கு ஒரு போலி மின்னஞ்சலில் போனால் மற்றதும் கூடவே போகும். அறிக்கையில் ஹாஷுக்குப் பதில் குழு 1, குழு 2 என்று எண் போட்டுக் கொடுங்கள்.

தமிழ் எழுத்தில் கடவுச்சொல் வைத்தால்

கடவுச்சொல்லை ஏற்கும் இடத்தில் ஓடும் சரிபார்ப்பு ஸ்கிரிப்ட் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நம் பயனர்கள் தமிழில் தட்டுவார்கள். அங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, நீளம். வணக்கம் என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் புள்ளிகள் தனியாக எண்ணப்படுவதால் ஏழு குறியீடுகள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆக, 21 பைட். பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அது 72 எழுத்து. தமிழில் 24 குறியீடு, அதாவது மூன்று நான்கு சொல். அதற்கு மேல் தட்டியது எதுவானாலும் பல நிரல்தொகுப்புகள் சத்தமில்லாமல் வெட்டிவிடும். சோதிப்பது எளிது. ஒரு சோதனைக் கணக்கில் 30 தமிழ்க் குறியீடுகள் கொண்ட கடவுச்சொல் வைத்து, கடைசிக் குறியீட்டை மாற்றித் தட்டி நுழையப் பாருங்கள். நுழைந்துவிட்டால் வெட்டு நடக்கிறது.

இந்த 72 பைட் எல்லை வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல. 2024இல், உள்நுழைவுச் சேவை வழங்கும் ஆக்டா நிறுவனம் அறிவித்த ஒரு குறைபாடு இதிலிருந்து வந்ததுதான். பயனர் எண், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒட்டி பிகிரிப்டில் போட்டு, தற்காலிகச் சேமிப்புக்குச் சாவியாக வைத்திருந்தார்கள். பெயர் 52 எழுத்தோ அதற்கு மேலோ இருந்தால் கடவுச்சொல் 72க்கு வெளியே போய்விடும். சில சூழல்களில் முந்தைய உள்நுழைவின் சேமிப்பு இருந்தாலே, கடவுச்சொல் எதுவானாலும் கதவு திறக்கும் நிலை.

இரண்டாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவம். கொ என்ற எழுத்தை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பைட்டில் ஒன்று 6, மற்றது 9. கைபேசியின் விசைப்பலகை ஒரு வடிவத்திலும் மடிக்கணினியின் விசைப்பலகை இன்னொரு வடிவத்திலும் அனுப்பினால், சரியான கடவுச்சொல்லே தவறென்று வரும். ஹாஷ் செய்வதற்கு முன் யூனிகோட்டேட்டா தொகுப்பில் உள்ள நார்மலைஸ் சார்பால், என்எஃப்சி எனப்படும் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பதிவு செய்யும்போதும் உள்நுழையும்போதும் இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் செய்தால் நிலைமை முன்பைவிடக் கெடும்.

உள்நுழைவுப் பக்கத்தைச் சோதிப்பது

உங்கள் செயலியில் ஒரு சோதனைக் கணக்கு உருவாக்குங்கள். நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில் இருபது தவறான கடவுச்சொற்களை அனுப்பும் ஸ்கிரிப்டை எழுதி, எத்தனையாவது முயற்சியில் தடுப்பு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இருபதும் ஒரே பதிலோடு திரும்பினால் தடுப்பே இல்லை. உண்மையான பயனரின் கணக்கில் இதைச் செய்யாதீர்கள். அவர் பூட்டப்பட்டு வேலை நின்றுபோகும். உற்பத்திச் சூழலைவிட அதன் நகலில் செய்வது சிறந்தது.

அடுத்து நேரம். இருக்கிற ஒரு கணக்கின் பெயரோடு தவறான கடவுச்சொல்லையும், இல்லாத ஒரு பெயரோடு அதே கடவுச்சொல்லையும் முப்பது முப்பது முறை மாற்றி மாற்றி அனுப்பி, பைத்தானின் பெர்ஃப் கவுன்டர் சார்பு கொண்டு நேரத்தை அளந்து, இடைநிலை மதிப்பை ஒப்பிடுங்கள். சராசரி எடுக்க வேண்டாம். ஒரே ஒரு தாமதமான பதில் அதைக் கெடுத்துவிடும். தடுப்பு குறுக்கே வந்தால் அளவு பொய்யாகும். நகல் சூழலில் அதை அந்த நேரத்துக்கு மட்டும் அணைத்து வையுங்கள். இருக்கிற பெயருக்கு 250 மில்லிநொடி, இல்லாத பெயருக்கு 10 என்று வந்தால், பெயர் இல்லாதபோது சர்வர் ஹாஷ் கணக்கிடாமலே திரும்பிவிடுகிறது. பிழைச் செய்தி இரண்டுக்கும் ஒன்றுபோல இருந்தாலும், யார் யாருக்குக் கணக்கு உண்டு என்பதை வெளியாள் நேரத்தை வைத்தே பட்டியலிட்டுவிடலாம். பெயர் இல்லாவிட்டாலும் ஒரு போலி ஹாஷோடு ஒப்பிட்டுவிட்டுத் திரும்புவதே இதற்குத் தீர்வு.

லாகில் ஒளிந்திருக்கும் கடவுச்சொல்

தோல்வியடைந்த உள்நுழைவுகளை எண்ணும் ஸ்கிரிப்ட் எல்லோரும் எழுதுவது. ஒரு கணக்கின் மேல் எத்தனை தோல்வி என்று எண்ணினால், ஒருவரைக் குறிவைத்த தாக்குதல் தெரியும். ஒரே ஐபி முகவரியிலிருந்து எத்தனை வெவ்வேறு பெயர்கள் என்று எண்ணினால்தான், ஆளுக்கு ஒரே ஒரு ஊகம் போட்டுப் பூட்டுத் தடுப்பை ஏய்க்கும் தாக்குதல் தெரியும். இரண்டும் வேண்டும்.

பலரும் கவனிக்காதது வேறு. அவசரத்தில் பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுபவர்கள் உண்டு. எஸ்எஸ்எச் லாகில் அது இல்லாத பயனரின் பெயராக அப்படியே பதிவாகும். அடுத்த நொடியே அதே ஐபியிலிருந்து ஒருவர் சரியாக உள்நுழைந்திருப்பார். பெயரும் கடவுச்சொல்லும் அடுத்தடுத்த வரிகளில். இல்லாத பெயர்களையெல்லாம் எண்ணி அழகாக அட்டவணை போடும் ஸ்கிரிப்ட், அந்தக் கடவுச்சொல்லையும் அறிக்கையில் ஏற்றி மின்னஞ்சலில் அனுப்பும். ஆகவே கணினியில் உண்மையாக இருக்கும் பெயர்களை மட்டும் அச்சிடுங்கள். மற்றவற்றை, தெரியாத பெயர் என்று ஒரே தலைப்பின் கீழ் எண்ணிக்கையாக மட்டும் காட்டுங்கள். லாக் கோப்பின் உரிமையையும் ஒருமுறை பாருங்கள். எல்லோரும் படிக்கும்படி இருந்தால் அதுவே முதல் கண்டுபிடிப்பு.

ஊகித்துப் பார்க்கும் தணிக்கை

இதுவரை சொன்னவற்றில் எந்தக் கடவுச்சொல்லும் உடைபடவில்லை. ஜான் தி ரிப்பர், ஹாஷ்கேட் போன்ற கருவிகளைக் கொண்டு உண்மையாகவே ஊகித்துப் பார்ப்பது கடைசிப் படி. இது புதிய எண்ணமல்ல. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனும் ராபர்ட் மோரிஸும் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 எளிய தேடலிலேயே சிக்கின, 86 விழுக்காடு. 1979இல் அச்சான அந்தக் கட்டுரையிலேயே, சால்ட் ஏன் வேண்டும், ஹாஷ் ஏன் மெதுவாக இருக்க வேண்டும் என்ற இரண்டையும் எழுதிவிட்டார்கள்.

இங்கே உங்கள் ஸ்கிரிப்டின் பங்கு கருவியைச் சுற்றி வேலி போடுவது. கணக்குப் பெயரை எடுத்துவிட்டு, ஹாஷுக்கு ஒரு வரிசை எண் கொடுத்து, இணையத்தோடு சேராத கணினிக்கு அதை மட்டும் அனுப்புங்கள். எந்த எண் யாருடையது என்ற கோப்பு சர்வரிலேயே இருக்கட்டும். ஊகிப்பதற்கு நேர எல்லை வையுங்கள். ஒரு பட்டியல், அதன் சொற்களை மாற்றிப் பார்க்கும் ஒரு சில விதிகள், ஓரிரவு. அதற்குள் விழுந்ததெல்லாம் மாற்ற வேண்டியவை. அதற்கு மேல் நாள்கணக்கில் ஓட்டுவதால் தணிக்கைக்குப் புதிதாகத் தெரியவருவது குறைவு.

இரண்டு கருவிகளும் உடைத்த ஒவ்வொரு கடவுச்சொல்லையும் ஹாஷோடு சேர்த்து ஒரு பாட் கோப்பில் எழுதி வைக்கும், நீங்கள் கேட்காவிட்டாலும். அதே ஹாஷை மறுபடி உடைக்கும் வேலையை மிச்சப்படுத்த அந்த ஏற்பாடு. தணிக்கை முடிந்து, அறிக்கை கொடுத்து, ஹாஷ் கோப்பையும் அழித்த பிறகும் அது பயனரின் வீட்டு அடைவில் மறைந்து கிடக்கும். எஸ்எஸ்டியில் மேலெழுதி அழிப்பதை நம்ப முடியாது. பழைய தரவு எந்த மூலையில் தங்கியிருக்கிறது என்பது வட்டின் உள் நிரலுக்கு மட்டுமே தெரியும். ஆகவே தொடக்கத்திலேயே முழு வேலையையும் நினைவகத்தில் மட்டும் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ் அடைவில் வைத்து, நினைவகத்தில் உள்ளதை வட்டுக்கு நகர்த்தும் ஸ்வாப்பை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் முழுதாகக் குறியாக்கம் செய்த வட்டில் ஓட்டி, முடிந்ததும் சாவியை அழித்துவிடுங்கள். பாட் கோப்பின் இடத்தையும் அமைப்பில் அங்கேயே காட்டுங்கள். அறிக்கைக்கு அதிலிருந்து வேண்டியது இரண்டே: எந்தெந்த வரிசை எண்கள் விழுந்தன, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடத்தில்.